எஸ்எஸ்ஐ விண்ணப்பம்: நாமே போடுவதா, இலவச சட்ட உதவியா, வக்கீலா?

“அண்ணா, எஸ்எஸ்ஐக்கு அப்ளை பண்ணணும். வக்கீல் வைக்கணுமா? வர்ற பணத்துல கால்வாசி எடுத்துப்பாங்களாமே?” அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னை அழைத்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான். எஸ்எஸ்ஐ என்பது வசதியில்லாத மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அமெரிக்க அரசு தரும் மாத உதவித் தொகை. கேட்பவர்களில் பாதிப் பேர் இன்னும் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். மீதிப் பேர் நிராகரிப்புக் கடிதம் வந்து ஐம்பது நாள் கழித்து அழைப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). அவனுக்காக எங்கள் குடும்பம் இந்த வழிகளில் மூன்றை நடந்து பார்த்தது. தானாகவே விண்ணப்பித்தோம், தோற்றோம். இலவச சட்ட உதவி கேட்டோம், காத்திருந்தோம். கடைசியில் வக்கீல் வைத்து ஜெயித்தோம். அதற்காக எல்லோரும் வக்கீல் வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தோல்விக்கு வக்கீல் இல்லாதது காரணமே அல்ல என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டோம்.

எஸ்எஸ்ஐ என்றால் எது

எஸ்எஸ்ஐ என்பது வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும், பார்வையற்றவர்களுக்கும், 65 வயது கடந்தவர்களுக்கும் அமெரிக்க மத்திய அரசு மாதாமாதம் தரும் தொகை. 1972-இல் சட்டமாகி, 1974 ஜனவரியில் முதல் தொகை வழங்கப்பட்டது. 2026-இல் தனிநபருக்கு அதிகபட்சம் மாதம் 994 டாலர், தம்பதிக்கு 1,491 டாலர். சில மாநிலங்கள் இதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன.

எஸ்எஸ்டிஐ வேறு. அது வேலை செய்து வரி கட்டிச் சேர்த்த காப்பீடு. வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே கேட்பதில்லை. எஸ்எஸ்ஐக்குக் கேட்பார்கள். தனிநபர் பேரில் 2,000 டாலருக்கு மேலும், தம்பதி பேரில் 3,000 டாலருக்கு மேலும் சொத்து இருக்கக்கூடாது. 1989-இலிருந்து இந்த எல்லை நகரவே இல்லை. குடியிருக்கும் வீடும் ஒரு காரும் இதில் சேராது. ஊரில் அவர் பேரில் வாங்கிப் போட்ட மனையைச் சொல்லியாக வேண்டும். முதலீடாக லாக்கரில் வைத்த நகையும் அப்படித்தான். கழுத்தில் கிடப்பதும் விரலில் கிடப்பதும் கணக்கில் வராது.

குடியுரிமையும் பார்ப்பார்கள். 1996-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 40 காலாண்டு வேலைக் கணக்கு வேண்டும். கணவன் அல்லது மனைவியின் காலாண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அகதியாகவோ தஞ்சம் பெற்றோ வந்த ஈழத்தமிழர் போன்றவர்களுக்கு இந்த 40 கணக்கு இல்லாமலே கிடைக்கும், ஆனால் 7 ஆண்டு வரைதான். அதற்குள் குடியுரிமை வாங்கிவிட வேண்டும். பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து அழைத்து வந்த அப்பா அம்மாவுக்கு, அவர்கள் குடியுரிமை பெறும் வரை ஸ்பான்சரின் வருமானத்தையும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள்.

இதைச் சொல்லாமல் வக்கீல் பேச்சுக்குப் போக முடியாது. எஸ்எஸ்ஐக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று உடல்நிலை, இன்னொன்று பணம். வக்கீல்கள் பெரும்பாலும் முதல் கதவுக்குத்தான் சாவி வைத்திருக்கிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

முதலில், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முதல் விண்ணப்பம், அது மறுக்கப்பட்டால் ரீகன்சிடரேஷன் (மறுபரிசீலனை), அதுவும் மறுக்கப்பட்டால் நிர்வாக நீதிபதி முன் ஹியரிங் (விசாரணை), பிறகு அப்பீல்ஸ் கவுன்சில் (மேல்முறையீட்டுக் குழு), அதன் பிறகு மத்திய நீதிமன்றம். முதல் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மறுக்கப்படுகின்றன. ஒவ்வொரு மறுப்புக்கும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் தபாலில் வர 5 நாள் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, உங்கள் வழக்கின் பலவீனம் எங்கே? மருத்துவச் சான்றிலா, பணக் கணக்கிலா?

மூன்றாவது, உதவிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்? கால் பங்கு என்பது மட்டும் கணக்கல்ல.

நான்காவது, தமிழில் பேசும் அப்பா, மாமி, பாட்டி சொல்வதை உதவ வருபவர் காது கொடுத்துக் கேட்பாரா? ஐந்தாவது, பணம் வர ஆரம்பித்த பிறகு சிக்கல் வந்தால் அவர் கூட இருப்பாரா?

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்று. எஸ்எஸ்ஐ விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய நாட்களுக்கு ஒரு டாலர்கூடத் தராது. நோய் பத்து வருடம் பழசானாலும், பணம் கணக்காவது விண்ணப்பித்ததற்கு அடுத்த மாதத்திலிருந்துதான். அதனால் வக்கீலைத் தேடுகிறேன் என்று மூன்று மாதம் போக்கினால் மூன்று மாதப் பணம் போயிற்று. இன்றே எஸ்எஸ்ஐயை நடத்தும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் 1-800-772-1213 என்ற எண்ணுக்கு அழைத்து எஸ்எஸ்ஐக்கு விண்ணப்பிக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். அந்த நாளைப் பதிந்துகொள்வார்கள். அதுபற்றி அவர்கள் அனுப்பும் கடிதத்தில் சொன்ன 60 நாளுக்குள் விண்ணப்பத்தை முடித்தால் அந்தத் தேதியே விண்ணப்பத் தேதியாக நிற்கும். வக்கீலை அதற்குப் பிறகு தேடலாம்.

நாமே விண்ணப்பிப்பது

முதல் கட்டத்தில் பல பேருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. டயாலிசிஸ் செய்துகொள்பவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, ஏஎல்எஸ் (தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய்) வந்தவர் ஆகியோரின் நிலை சோஷியல் செக்யூரிட்டியின் நோய்ப் பட்டியலில் நேராகவே இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவுகள் ஒழுங்காக இருந்தால் வக்கீல் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. சில கடுமையான நிலைகளில் முடிவு வரும் முன்பே 6 மாதம் வரை தற்காலிகமாகத் தொகை கொடுப்பதும் உண்டு. அதையும் அலுவலகத்தில் நாமே கேட்கலாம்.

இன்னொரு கூட்டமும் இதில் சேரும். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளை வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள். பிள்ளை சின்னவனாக இருக்கும்போது பெற்றோர் வருமானம் சேர்த்துக் கணக்கிடப்படுவதால் நிராகரிக்கப்பட்டிருப்பார்கள். “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று விட்டுவிடுவார்கள். 18 வயது முடிந்ததும் பெற்றோர் வருமானத்தைச் சேர்ப்பதில்லை. பிள்ளையின் சொந்த வருமானமும் சொத்தும்தான். பிறந்த நாள் கழிந்த அடுத்த மாதமே விண்ணப்பிக்கலாம். அதற்குள் பிள்ளை பேரில் சேமிப்புக் கணக்கு எதுவும் தடித்துப் போயிருக்கக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள ஏபிஎல்இ சேமிப்புக் கணக்கில் இருப்பது ஒரு லட்சம் டாலர் வரை சொத்தில் சேராது. பெரிய தொகையாக இருந்தால் சிறப்புத் தேவை டிரஸ்ட் (பிள்ளைக்காகப் பணத்தைத் தனியே வைத்துக் காக்கும் ஏற்பாடு) எழுதும் வக்கீலைப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்ஐ வாதாடும் வக்கீல் அவர் அல்ல.

நாமே போடுவதில் செலவு இல்லை. மொழிபெயர்ப்பாளரையும் சோஷியல் செக்யூரிட்டியே இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழுக்கும் தொலைபேசி வழியாகக் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைத்தால் பாட்டி தன் சிறுநீர்ப் பிரச்சினையை அவன் முன்னால் சொல்ல மாட்டாள்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் வருகிறது. நாள் முழுவதும் என்ன செய்கிறீர்கள், சமைக்கிறீர்களா, கடைக்குப் போகிறீர்களா, வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்கும் ஒரு படிவம் வரும். எண் 3373. என் தம்பிக்கு அதை எழுதியது அப்பா. எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று எழுதினார். சமைப்பான். வண்டி ஓட்டுவான். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வான். அவன் கடைசியாக வண்டி ஓட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தண்ணீரைச் சூடு பண்ண வைத்துவிட்டு மறந்துபோய் பாத்திரம் கருகிய நாட்கள் எத்தனையோ. வெளியே குரல் கேட்கிறது என்று வாரக்கணக்கில் குளிக்காமல் இருந்தான். அப்பா பொய் சொல்ல நினைக்கவில்லை. பெற்ற பிள்ளையை ஒன்றுக்கும் உதவாதவன் என்று அரசாங்கத் தாளில் எழுத அவர் கை வரவில்லை. தமிழ்க் குடும்பங்களில் எஸ்எஸ்ஐ தோற்பதற்கு நான் பார்த்த முதல் காரணம் இந்தக் கௌரவம்தான்.

அந்தப் படிவத்தில் நல்ல நாளைப் பற்றி எழுதாதீர்கள். சாதாரணமான வாரம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். செய்வார் என்றால் எவ்வளவு நேரத்தில், யார் நினைவூட்டி, எத்தனை முறை நிறுத்தி, பிறகு எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்து என்பதையும் எழுதுங்கள்.

டாக்டர் கடிதத்திலும் இதே கதை. “இவரால் வேலை செய்ய இயலாது” என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பில்லை. அது சோஷியல் செக்யூரிட்டி எடுக்க வேண்டிய முடிவு. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் எழுந்திருக்கவே முடியாமல் போகும் என்று எழுதி வாங்க வேண்டும். 2017 மார்ச் 27-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில், பல வருடம் பார்த்த டாக்டர் என்பதற்காக மட்டும் அவர் சொல்லுக்குத் தனி எடை கிடையாது. அவர் எழுதியது அவருடைய குறிப்புகளோடும் மற்ற சான்றுகளோடும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இன்னொரு தவறும் செய்தோம். நிராகரிப்பு வந்ததும் மனம் வெறுத்து விட்டுவிட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் புதிதாக விண்ணப்பம் போட்டோம். மேல்முறையீடு செய்திருந்தால் பழைய தேதி உயிரோடு இருந்திருக்கும். புதிதாகப் போட்டதால் அத்தனை மாதப் பணமும் போயிற்று. வக்கீல் பின்னால் எங்களிடம் வாங்கிய கட்டணத்தைவிட அது அதிகம்.

இலவச சட்ட உதவி

மத்திய அரசின் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் 1974-இல் தொடங்கியது. அதன் பணத்தில் நடக்கும் லீகல் எய்டு அமைப்புகள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. பொதுவாக, வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்கு உதவுவார்கள். எஸ்எஸ்ஐ கேட்பவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வருவார்கள். இதைத் தவிர, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும். சில சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் வழக்கு நடத்தும் கிளினிக்குகள் உண்டு. வீடில்லாமல், அல்லது வீடு போகும் நிலையில் இருப்பவர்களுக்கு சோர் என்ற திட்டம் இருக்கிறது. பயிற்சி பெற்ற பணியாளர் முதல் விண்ணப்பத்தையே முழுதாகக் கட்டித் தருவார்.

கட்டணம் கிடையாது. ஆனால் காத்திருக்க வேண்டும். ஆட்கள் குறைவு, வழக்குகள் அதிகம். எங்களை மூன்று வாரம் காக்க வைத்துவிட்டு, “இப்போது ஹியரிங் வழக்குகள் எடுப்பதில்லை” என்றார்கள். கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பெண் நேர்மையாகத்தான் சொன்னார். வேறு மூன்று எண்களும் கொடுத்தார்.

லீகல் எய்டுக்கு ஈடு இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. அது பணக் கதவு. “உங்களுக்கு அதிகம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடுங்கள்” என்று ஓவர்பேமென்ட் கடிதம் வரும். 18 வயதானதும் பெரியவர்களுக்கான விதிப்படி மறுபரிசோதனை செய்து பிள்ளையின் தொகையை நிறுத்துவார்கள். அண்ணன் வீட்டில் வாடகையில்லாமல் இருக்கிறார் என்று மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பார்கள். இந்த வழக்குகளில் பெரும்பாலும் நிலுவைப் பணம் (முடிவுக்குக் காத்திருந்த மாதங்களுக்காகச் சேரும் தொகை) எதுவும் திரளாது. ஆகவே கால் பங்கு வாங்கும் வக்கீலுக்கு இதில் ஒன்றும் இல்லை. பெரும்பாலானோர் தொடவே மாட்டார்கள். லீகல் எய்டு தொடும்.

இந்த வழக்குகளில் இன்னொரு கெடுவும் உண்டு. ஊனம் தீர்ந்துவிட்டது என்று தொகையை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால், அது கைக்கு வந்த 10 நாளுக்குள் முறையீடும் தொகையைத் தொடரச் சொல்லும் வேண்டுகோளும் போட்டால், முடிவு வரும் வரை பணம் நிற்காது. தோற்றால் திருப்பிக் கேட்கலாம் என்பதும் உண்மை. அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கவும் வழி உண்டு.

வீட்டில் சேர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2024 செப்டம்பர் 30-இலிருந்து, இலவசமாகச் சாப்பாடு போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. தங்கும் இடம் மட்டும்தான். அம்மா மகனுக்கு நியாயமான வாடகைப் பங்கு கொடுப்பதாக எழுத்தில் இருந்தால் அந்தக் குறைப்பும் தவிரும்.

ஜெயித்தால் மட்டும் கட்டணம் வாங்கும் வக்கீல்

தொலைக்காட்சியில் விளம்பரம் வருவது இவர்களுடையது. விதி தெளிவானது. ஜெயித்தால், சேர்ந்திருக்கும் நிலுவையில் 25 சதவீதம் அல்லது 9,200 டாலர், இரண்டில் எது குறைவோ அது. இந்த உச்சவரம்பு 2024 நவம்பர் 30-இலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 7,200, அதற்கும் முன் 6,000. மாதாமாதம் இனி வரப்போகும் தொகையில் அவருக்குப் பங்கு இல்லை. தோற்றால் கட்டணம் இல்லை. சோஷியல் செக்யூரிட்டி அனுமதித்த பிறகே வாங்க வேண்டும்.

நிலுவையின் அளவு காத்திருந்த மாதங்களைப் பொறுத்தது. கணக்கு எளிதாக இருக்க எல்லா மாதத்துக்கும் 994 டாலர் என்றே வைத்துக்கொள்வோம்.

| காத்திருந்த மாதங்கள் | நிலுவை | வக்கீல் கட்டணம் | உங்களுக்கு |
|---|---|---|---|
| 8 | 7,952 | 1,988 | 5,964 |
| 20 | 19,880 | 4,970 | 14,910 |
| 40 | 39,760 | 9,200 | 30,560 |

இந்த அட்டவணையை வக்கீலின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். முதல் விண்ணப்பத்திலேயே ஜெயித்தால் அவருக்கு மிகக் கொஞ்சம். பகுதி வருமானமோ வீட்டு வாடகைக் குறைப்போ இருந்தால் அதுவும் சுருங்கும். குழந்தை வழக்குகளிலும் இப்படித்தான். அதனால்தான் எஸ்எஸ்ஐ மட்டும் உள்ள வழக்கை முதல் கட்டத்தில் பல வக்கீல்கள் எடுப்பதில்லை. “நிராகரித்தால் வாங்க” என்கிறார்கள். உங்கள் வழக்கு மோசம் என்று அதற்குப் பொருள் அல்ல.

அட்டவணையில் தெரியாத செலவுகளும் உண்டு. மருத்துவப் பதிவு வாங்கும் கட்டணம், தபால், சிறப்பு டாக்டர் அறிக்கை ஆகியவை கால் பங்குக்கு வெளியே. தோற்றாலும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த வரியைத் தேடிப் பாருங்கள். அடுத்து, நீதிபதிக்கு மேலே வழக்கு போனால் உச்சவரம்பு பொருந்தாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். காத்திருந்த காலத்தில் மாநிலமோ கவுண்டியோ பொது உதவித் தொகை கொடுத்திருந்தால், பல மாநிலங்களில் அதையும் நிலுவையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியது இன்னொன்று: தவணை. நிலுவை மாதத் தொகையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால், ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணையாகத்தான் தருவார்கள். மேலே 20 மாதக் கணக்கில், வக்கீலுக்குப் போகும் 4,970 முதலிலேயே போய்விடும். உங்களுக்கு முதலில் 2,982, ஆறு மாதம் கழித்து 2,982, இன்னும் ஆறு மாதம் கழித்து மீதி 8,946. வாடகை, சாப்பாடு, மருத்துவக் கடன் இருந்தால் முதல் தவணைகளைக் கூட்டித் தரக் கேட்கலாம். இதை வக்கீல் ஞாபகப்படுத்துவார் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நிலுவைப் பணம் 9 மாதம் வரை சொத்துக் கணக்கில் சேராது. அதற்குள் செலவழிக்காமல் வங்கியில் கிடந்தால் 2,000 டாலர் எல்லையைத் தாண்டி எஸ்எஸ்ஐயே நின்றுபோகும்.

இத்தனை இருந்தும் ஹியரிங்குக்கு வக்கீல் வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? அங்கே வேலைவாய்ப்பு நிபுணர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு ஆள், இவ்வளவுதான் செய்ய முடியும், இவருக்கு நாட்டில் வேலை இருக்கிறதா என்று நீதிபதி கேட்பார். இருக்கிறது என்று அவர் இரண்டு மூன்று வேலைப் பெயர்களைச் சொல்வார். அப்போது எங்கள் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்பில்லாமல் வராமல் போனால் இந்த வேலைகளில் வைத்திருப்பார்களா? மாட்டார்கள் என்றார் நிபுணர். தம்பி எத்தனை நாள் எழுந்திருக்கவில்லை என்பதற்கு டாக்டர் குறிப்புகள் ஏற்கெனவே கோப்பில் இருந்தன. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்கோ அப்பாவுக்கோ ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காது.

வயதானவர்களுக்கும் இதே காரணம். 50, 55 வயதில் விதிகள் சாதகமாக மாறுகின்றன. செய்த வேலை, படிப்பு எல்லாம் ஒரு கட்டத்தில் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கும். முன்பு ஆங்கிலம் தெரியாதது அந்தக் கட்டத்தில் ஒரு சாதகமாக இருந்தது. 2020 ஏப்ரல் 27-இல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் “இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லு, கிடைச்சிடும்” என்று இன்னும் சொல்கிறார்கள். கிடைக்காது. மாறாக, கடந்த 15 வருட வேலையைப் பார்த்தவர்கள் 2024 ஜூனிலிருந்து 5 வருட வேலையை மட்டும் பார்க்கிறார்கள். இது பலருக்குச் சாதகம். இந்த மாதிரி நகர்வுகளைத் தெரிந்த வக்கீலுக்குத்தான் கால் பங்கு தகும்.

இன்னொன்றையும் எங்கள் வக்கீல் செய்தார். 22 வயதுக்கு முன்பே ஊனம் தொடங்கியிருந்தால், பெற்றோர் ஓய்வு பெறும்போதோ இறக்கும்போதோ அவர்களுடைய சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கிலிருந்து பிள்ளைக்குத் தனித் தொகை கிடைக்கும். அதற்குச் சொத்து எல்லை கிடையாது, 24 மாதம் கழித்து மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடும் வரும். தம்பி முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 23 வயதில். ஆனால் கல்லூரி கவுன்சிலரை 20 வயதிலேயே பார்த்திருக்கிறான். அந்தப் பழைய குறிப்புகளை வக்கீல் எழுதிக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார். அதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, எங்களுக்குத் தெரியவும் தெரியாது. பெரிய பேர் உள்ள வேறொரு நிறுவனத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சேர்ந்தது. அவர்கள் வக்கீலின் முகத்தைப் பார்த்ததே ஹியரிங் நடந்த காலையில்தான். அம்மாவின் பேரைக்கூட அவர் தவறாகச் சொன்னார்.

வக்கீல் அல்லாத பிரதிநிதி

சட்டம் படிக்காதவர்களும் சோஷியல் செக்யூரிட்டி முன் வாதாடலாம். தேர்வு எழுதி, பின்னணிச் சோதனை முடித்து, தொழில் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு அதே 25 சதவீதம் நிலுவையிலிருந்து நேரடியாகப் போகும். உச்சவரம்பும் அதுவே. இவர்களில் முன்பு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர்கள் உண்டு. வருமானக் கணக்கு, சொத்துக் கணக்கு வக்கீலைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பணமும் உடல்நிலையும் இரண்டுமே சிக்கலாக உள்ள வழக்குக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே குறை, மத்திய நீதிமன்றத்துக்கு அவர் வர முடியாது. அங்கே போகும் நிலை வந்தால் வக்கீல்தான். அங்கே ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே கொடுக்க வைக்க ஒரு சட்டமும் இருக்கிறது.

இவர்களோடு வேறு ஆட்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வரிக் கணக்கு எழுதுபவர், நோட்டரி போர்டு மாட்டியவர், “எனக்கு ஆபீஸ்ல ஆளைத் தெரியும்” என்று 500 டாலர் முன்பணம் கேட்பவர். அனுமதியில்லாமல் இதற்குக் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள்

இன்னும் விண்ணப்பிக்கவில்லை, நோய்ச் சான்று தெளிவாக இருக்கிறது என்றால் நாமே போடலாம். வீட்டில் ஆங்கிலத்தில் படிவம் நிரப்ப ஆள் இல்லை, அல்லது நோயாளி தனியாக இருக்கிறார் என்றால் சோர், லீகல் எய்டு. சான்று சிதறிக் கிடக்கிறது, மன நோய், முதுகு வலி, இரண்டு மூன்று நோய் சேர்ந்தது என்றால் முதல் கட்டத்திலேயே வக்கீலைக் கேட்டுப் பாருங்கள். எடுக்க மறுத்தால் விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள். முதல் மறுப்பு வந்துவிட்டால் ரீகன்சிடரேஷன் போட்டுக்கொண்டே வக்கீல் தேடுங்கள். ஹியரிங் தேதி வந்துவிட்டது, கூட யாரும் இல்லை என்றால் நீதிபதியிடம் ஒரு முறை தள்ளிவைக்கக் கேட்கலாம். உடல்நிலை ஒத்துக்கொள்ளப்பட்டு, பணத்தில் மட்டும் தகராறு என்றால் கால் பங்கு வக்கீலைத் தேடி நேரம் போக்க வேண்டாம். லீகல் எய்டுக்குப் போங்கள்.

வக்கீலோடு முதல் முறை பேசும்போது இவற்றைக் கேளுங்கள். என் ஹியரிங்குக்கு வரப்போவது நீங்களா, வேறு ஆளா? பதிவு வாங்கும் செலவு தோற்றால் யார் தலையில்? எத்தனை எஸ்எஸ்ஐ வழக்கு நடத்தியிருக்கிறீர்கள்? ஓவர்பேமென்ட் வந்தால் பார்ப்பீர்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், ஆனால் முதல் வக்கீல் தன் கட்டணத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றால் இரண்டாவது ஆள் தயங்குவார். ஆகவே தேர்வு முதலிலேயே நடக்கட்டும்.

ஹியரிங்குக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் மூலம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இந்தியத் தமிழா, இலங்கைத் தமிழா என்பதையும் சொல்லுங்கள். ஒரு பெரியம்மா “மனசு சரியில்ல” என்றதை “வருத்தமாக இருக்கிறார்” என்று மொழிபெயர்த்ததை நான் கேட்டிருக்கிறேன். அவர் சொல்ல வந்தது ஆறு மாதமாகத் தூங்கவில்லை, யாரையும் அடையாளம் தெரியவில்லை என்பது. அப்போது மருமகள் குறுக்கே பேசக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருக்க வேண்டாம். “மொழிபெயர்ப்பு சரியில்லை” என்று கையைத் தூக்கி நீதிபதியிடம் சொல்லலாம், அது பதிவாகும்.

தொகை வர ஆரம்பித்த பிறகு ஊருக்குப் போகும் ஆசை வரும். 30 நாள் தொடர்ந்து அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்எஸ்ஐ நிற்கும். திரும்பி வந்து 30 நாள் இங்கே இருந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். என் தம்பியைப் பாட்டியின் காரியத்துக்கு அழைத்துப் போனபோது 26-ஆம் நாள் திரும்பும்படி டிக்கெட் போட்டோம்.